நிழல் காட்டும் பக்கம்

சைக்கிளுக்குப் பூட்டு விழுந்து இரண்டு நாள் ஆகிறது. சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது.

"சனிக்கிழமை நீச்சல் தேர்வும்மா," என்றாள் மகள், பத்தாவது முறையாக.

"இருக்கட்டும்."

"நீச்சல் குளம் மூணு கிலோமீட்டர். நடந்து போனா நான் போறதுக்குள்ள எல்லாரும் நீந்தி முடிச்சுத் தலை துவட்டிக்கிட்டு இருப்பாங்க."

"துவட்டட்டும்."

அம்மாவுக்குத் தையல்கூடத்தில் வேலை. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிடுவாள். அதுவும் குளத்துக்கு எதிர்த்திசை. சைக்கிள் இல்லையென்றால் தேர்வு இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஆனால், மகளுக்கு வீட்டில் வைத்திருந்த பெயர் உடும்பு. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள்.

திங்கட்கிழமை காலை நடந்தது இதுதான். குளத்துக்குப் போகும் நேர்ச்சாலையில் அவள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ரொட்டி வண்டி வந்தது. பிரேக் கிறீச்சிட்டது. வண்டி அவளுடைய பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பயத்தில் அவள் ஓரத்து மணற்குவியலில் விழுந்தாள். முழங்கை சிராய்ந்தது.

"பாப்பா, நீ தெரியவே இல்லம்மா," என்றார் ரொட்டி மாமா. அவர் கை நடுங்கியது.

அதை அம்மா நம்பவில்லை. "பளிச்சுன்னு மஞ்சள் சட்டை. நானே தச்சது. அது தெரியலையாம். தூங்கிக்கிட்டே ஓட்டியிருப்பார்."

உடும்புக்கு மட்டும் அந்த நடுங்கிய கை நினைவில் நின்றது. பொய் சொல்பவருக்கு எதற்குக் கை நடுங்க வேண்டும்?

வியாழக்கிழமை காலை, அம்மா வேலைக்குப் போனதும் தம்பியை எழுப்பினாள். எதற்கும் ஏன், எதற்கு என்று கேட்பதால் அவனுக்குக் கேள்விக்குறி என்று பெயர்.

"எங்கே போறோம்?"

"ரொட்டிக் கடைக்கு."

"ஏன்?"

"மஞ்சள் சட்டையை நீ போட்டுக்கோ."

"ஏன்?"

"நடடா."

ரொட்டிக் கடை அதே நேர்ச்சாலையில்தான் இருந்தது. வண்டி கடை வாசலில் சூரியனைப் பார்த்தபடி நின்றது. ரொட்டி மாமா தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் வாடியது.

"கை எப்படிம்மா இருக்கு?"

"ஆறிடுச்சு மாமா. நான் உங்க சீட்டுல ஒரு நிமிஷம் உட்காரணும்."

"எதுக்கு?"

"உங்களுக்கு என்ன தெரியுதுன்னு பார்க்கணும்."

அவர் யோசித்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

"தம்பி, நடைபாதையில வண்டிக்கு முன்னால முப்பது அடி நடந்து போய் நில்லு," என்றாள் உடும்பு.

அவள் சீட்டில் ஏறி முன்னால் பார்த்தாள். சாலை இல்லை. நடைபாதை இல்லை. தம்பியும் இல்லை. பால் ஊற்றியதுபோல் கண்ணாடி முழுக்க வெள்ளை. கண் கூசியது.

"டேய், எங்கே போனே?"

"இங்கேதான் நிக்கிறேன்," என்று தம்பியின் குரல் மட்டும் வந்தது. "ஏன்?"

அவள் கண்ணாடியை விரலால் தேய்த்தாள். விரல் போன இடத்தில் ஒரு கோடு விழுந்தது. விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"மாமா, இது மாவு."

"தினமும் கண்ணாடிக்குத் தண்ணி அடிச்சுத் துடைக்கிறேனே."

"வெளியே. உள்ளே?"

ரொட்டி மாமா தலையைச் சொறிந்தார். தட்டுகளை ஏற்றி இறக்கும்போது பறக்கிற மாவு, மாதக்கணக்கில் உள்பக்கக் கண்ணாடியில் படிந்திருந்தது. மற்ற நேரத்தில் அது கண்ணில் படவே படாது. வெயில் நேராக அடிக்கும்போதுதான் திரைபோல விழுந்துவிடும்.

ஈரத்துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் இரண்டு முறை துடைத்தார்கள். மறுபடி ஏறிப் பார்த்தாள். இப்போது தம்பி தெரிந்தான். ஆனால் கறுப்பாக, மங்கலாக, மரத்தூண் மாதிரி.

"மஞ்சள் எங்கே போச்சு?" என்றாள்.

"சூரியன் அவன் முதுகுக்குப் பின்னாலதானே இருக்கு," என்றார் மாமா. "இந்தப் பக்கம் எல்லாம் இருட்டுதான்."

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தாள். தம்பியின் நிழல் நீளமாகப் படுத்து நேராக வண்டியை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, இப்போ வண்டிக்குப் பின்னால போய் நில்லு."

அவன் போனான். பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். மஞ்சள் சட்டை பளிச்சென்று எரிந்தது. அவன் நிழல் இப்போது வண்டியை விட்டு விலகி நீண்டிருந்தது.

உடும்பு சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "புரிஞ்சுபோச்சு. என் நிழல் எந்தப் பக்கம் நீளுதோ, அந்தப் பக்கத்திலிருந்து வர்றவங்களுக்கு நான் தெரியமாட்டேன்."

அன்று இரவு அம்மாவிடம் கேட்டாள். "நாளைக்குப் பத்து நிமிஷம் எனக்குக் குடும்மா."

"மேஸ்திரி கத்துவார்."

"பத்து நிமிஷம்தான் கத்துவார்."

வெள்ளிக்கிழமை காலை அம்மா ரொட்டி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். உடும்பு மஞ்சள் சட்டையோடு நடைபாதையில் நின்றாள். அம்மா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு இறங்கி ரொட்டி மாமாவிடம் வந்தாள்.

"தூங்கிக்கிட்டே ஓட்டினீங்கன்னு சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கண்ணா."

"விடும்மா. கண்ணாடியைத் துடைக்காதது என் தப்புதான்."

உடும்பு ஆவலாக ஓடி வந்தாள். "அப்போ சாவி?"

"சாவியா? நீ தெரியவே மாட்டேன்னு நீயே காட்டிட்டே. இனிமே எந்த தைரியத்துல உன்னை விடுவேன்?"

தம்பி அக்காவைப் பார்த்தான். முதல் முறையாக அவன் ஏன் என்று கேட்கவில்லை.

உடும்பு அசையவில்லை. "தெரியமாட்டேன்னு நேத்துவரைக்கும் எனக்கே தெரியாது. இப்போ தெரியும். அதனால இந்த ரோடு எனக்கு வேண்டாம்."

"பறந்து போவியா?"

"கிடங்குத் தெரு வழியாப் போவேன். ரெண்டு பக்கமும் உயரமான சுவர். ஒன்பது மணிவரைக்கும் அங்கே வெயிலே விழாது. அஞ்சு நிமிஷம் சுத்து. அஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்புவேன். குளத்துக்குப் பக்கத்துல கொஞ்ச தூரம் வெயில் ரோடுதான். அங்கே இறங்கி நடைபாதையில உருட்டிக்கிட்டுப் போவேன்."

"திரும்பி வரும்போது?" என்றான் கேள்விக்குறி. "அப்போ நிழல் முன்னால விழுமே?"

"அப்போ எதிர்ல வர்றவங்களுக்குத் தெரியமாட்டேன். அங்கேயும் உருட்டத்தான் போறேன்."

அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். உடனே கொடுக்கவில்லை.

"பின்னால சிவப்பு விளக்கு?"

"எரியுது."

"பகல்லயும் எரியணும்."

"எரியும்."

"உருட்டுறேன்னு சொல்லிட்டு மிதிச்சே?"

"நான் பிடிச்சா விடுவேனா?"

அது அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். சாவி கைமாறியது.

சனிக்கிழமை. தேர்வு முடிந்து, ஈரத்தலையோடு உடும்பு திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் நிழல் அவளுக்கு முன்னால் நீளமாகப் போனது. அதைப் பார்த்ததும் இறங்கிச் சைக்கிளை நடைபாதையில் உருட்டினாள்.

எதிரே ரொட்டி வண்டி மெதுவாக வந்து ஓரமாக நின்றது. கண்ணாடியின் உள்பக்கம் பளபளத்தது. மாமா எட்டிப் பார்த்தார்.

"தேர்வு என்னாச்சு?"

"முதல்ல நீங்க சொல்லுங்க மாமா. நான் தெரிஞ்சேனா?"

"கறுப்பா ஒரு சைக்கிள் தெரிஞ்சுது. பக்கத்துல கறுப்பா ஒரு பிடிவாதம் நடந்து வந்துச்சு. வேற யாரா இருக்கும்னு நிறுத்தினேன்."

உடும்பு சிரித்தாள்.

"அப்போ ரெண்டு தேர்வுலயும் பாஸ் மாமா," என்று சொல்லிவிட்டு, கிடங்குத் தெருவின் நிழல் வந்ததும் சைக்கிளில் ஏறி மிதித்தாள்.