கூட வந்தவள்

கப்பல் புறப்பட்ட மறுநாள் காலை. அந்தச் சின்ன அறைக்குள் இரண்டு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. பெரியவள் பாதியிலேயே சீப்பை வைத்துவிட்டு விலகி நின்றாள். சிட்டு அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டாள்.

சிட்டு போட்டுக்கொள்வாள் என்று பெரியவள் நீலச் சட்டை ஒன்றை எடுத்து, சுருக்கம் தெரியாமல் கையாலேயே நீவி நீவி மடித்து நாற்காலியில் வைத்திருந்தாள். சிட்டு அதைப் பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டு, அடியில் கசங்கிக் கிடந்த ஒன்றை இழுத்து மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டாள்.

பெரியவள் அந்த நீலச் சட்டையைத் திரும்பவும் மடித்தாள். மடிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

அண்ணன் தம்பி இருவருமாக நடத்தும் சலவைக் கடை அவர்களுடையது. கீழே கடை, மேலே குடித்தனம். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். தெருவே அவர்களை அப்படித்தான் கூப்பிட்டது. பெரியவளின் ஒரே மகள் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தாள். சின்னவளுக்கும் ஒரே மகள், சிட்டு. ஊருக்குத் தெரிந்த கணக்கு அது. உண்மையில் சிட்டுவைப் பெற்றவள் பெரியவள். பச்சைக் குழந்தையாக இருந்தபோதே தூக்கிச் சின்னவள் கையில் கொடுத்துவிட்டு, அன்று முதல் அவளுக்குப் பெரியம்மாவாகிப் போனவள்.

சின்னவளின் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காகத்தான் இந்தக் கப்பல் பயணம். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள் காத்திருக்காது என்று பெரியவளின் கணவர் கடையோடு நின்றுவிட்டார். பெரியவளும் வரவில்லை என்றுதான் சொன்னாள். அக்கா வராமல் நான் கப்பலில் கால் வைக்க மாட்டேன் என்று சின்னவள் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான்கு பேர், இரண்டு அறைகள். கணவன் மனைவிக்கு ஒன்று போக, மற்றதில் பெரியவளும் சிட்டுவும்.

அந்த ஏற்பாட்டைக் கேட்ட பிறகு பெரியவள் மறுத்துப் பேசவில்லை. இத்தனை வருஷம் கழித்து, பெற்ற பெண்ணோடு ஒரே அறையில்... அந்த ஆசைக்காகத்தான் அவள் கிளம்பினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக் கூடம் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. நீள நீள மேசைகளில் ரொட்டி வகைகளே பத்துப் பதினைந்து. ஒருவர் ஆம்லெட்டைக் காற்றில் தூக்கிப்போட்டு வாணலியில் பிடித்துக்கொண்டிருந்தார். தர்பூசணியைப் பூவாகச் செதுக்கி வைத்திருந்தார்கள். பெரியவள் தட்டை எடுத்து, கொழுந்தனுக்கு வேண்டியதை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு சின்னவளுக்கு. பிறகு காபி எடுக்கக் கிளம்பினாள்.

“அண்ணி, உங்களை இங்க வேலைக்கு எடுத்திருக்காங்களா, இல்ல டிக்கெட்ல வந்திருக்கீங்களா?” என்றார் கொழுந்தன்.

அவள் வெட்கத்தோடு உட்கார்ந்தாள். பரிமாறுகிறவர் ஓடிவந்து நாற்காலியைத் தள்ளிக்கொடுத்து, மடியில் வெள்ளைத் துணியை விரித்துவிட்டுப் போனார். சூடான ரொட்டியில் வெண்ணெய் தானாகவே உருகி இறங்கியது. அவள் ஒரு வாய் கடித்தாள். தான் சுடாத ரொட்டி, தான் கழுவப்போகாத தட்டு, தான் துவைக்கப்போகாத துணி... தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். கண்ணைத் திறந்ததும் முதலில் தேடியது சிட்டுவைத்தான். இதைச் சாப்பிட்டுப் பார் என்று ஒரு துண்டைப் பிட்டு அவள் தட்டில் வைக்கக் கை துடித்தது. சிட்டு வேறொரு மேசையில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று பகல் முழுவதும் பெரியவள் அவளைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். சிட்டு கயிற்றைக் கட்டிக்கொண்டு செங்குத்துச் சுவரில் ஏறினாள். வளைந்து வளைந்து இறங்கும் குழாய்க்குள் புகுந்து நீச்சல் குளத்தில் தொப்பென்று விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் தண்ணீரிலிருந்து தலை வெளியே வந்த பிறகுதான் பெரியவளுக்கு மூச்சு வந்தது. பத்திரம் என்று சொல்லக்கூட அவளுக்கு இடமில்லை. கையில் ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு குளத்தின் ஓரத்தில் நின்றாள். சிட்டு மறுபக்கமாக ஏறிப் போனாள்.

மாலையில் எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு விருந்துக்குப் போனார்கள். மேசையைக் கவனித்துக்கொண்டவர் கலகலப்பான மனிதர். யார் யாருக்கு என்ன உறவு என்று விசாரித்துக்கொண்டே சூப்பை ஊற்றினார். அப்பா, அம்மா என்று காட்டிக்கொண்டே வந்த சிட்டுவின் விரல் பெரியவளிடம் வந்ததும் கீழே இறங்கிவிட்டது.

“இவங்க எங்ககூட வந்தவங்க.”

பெரியவள் குனிந்து சூப்பைக் குடித்தாள். நல்ல சூப் என்று அந்த மனிதரிடம் சொல்லவும் செய்தாள். சின்னவள் மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில், தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி பேச்சுவாக்கில் சிட்டுவின் காதில் விஷயத்தைப் போட்டுவிட்டாள். சும்மா போடவில்லை. கையும் காலும் வைத்துப் போட்டாள். ரெண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கிக் கொடுத்துவிட்டாள் உன் பெரியம்மா என்றாள். சிட்டு வீட்டில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெரியம்மா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். காரணம் தெரியாவிட்டாலும் அந்த வார்த்தை நின்றுபோனதைப் பெரியவள் அன்றைக்கே கவனித்துவிட்டாள். மாடிப்படியில் ஏறும்போதே, “பெரியம்மா, பசிக்குது” என்று வரும் குரல் இல்லாமல் வீடு காலியாகிப் போனது. அம்மா என்ற வார்த்தையை அவள் என்றோ தானாக விட்டுக்கொடுத்துவிட்டாள். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான். இப்போது அதுவும் போயிற்று...

மறுநாள் கரையே கண்ணில் படவில்லை. பொழுதைப் போக்கக் கப்பலில் ஆயிரம் வேடிக்கை வைத்திருந்தார்கள். துண்டுகளை மடித்து மிருகங்கள் செய்யச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்று இருந்தது. சலவைக் கடைக்காரிகள் நாம் போகாவிட்டால் வேறு யார் போவது என்று சின்னவள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள். மேசைக்கு இரண்டு பேர் என்றார்கள். சின்னவள் வேண்டுமென்றே பின்னால் தனியாக ஒரு மேசையைப் பிடித்துக்கொள்ள, பெரியவளும் சிட்டுவும் அருகருகே நிற்க வேண்டியதாயிற்று.

யானை செய்யச் சொன்னார்கள். சிட்டுவின் யானைக்குத் தும்பிக்கை நிற்கவில்லை; நிமிர்த்த நிமிர்த்தத் தொங்கியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிட்டுவும் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பெரியவளுக்கு அந்தச் சிரிப்பே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. தும்பிக்கையைச் சரிசெய்ய அவள் மெல்லக் கையை நீட்டினாள். சிட்டு தடுக்கவில்லை. ஆனாலும் அது நிற்கவில்லை. சரி போ என்று சிட்டு முழுத் துண்டையும் சுருட்டி, குழந்தையைப் போல மடக்கிய கையில் போட்டுக்கொண்டு தட்டினாள்.

“என் யானைக்குத் தூக்கம் வந்திருச்சு” என்றாள் பக்கத்து மேசையைப் பார்த்து.

பின்னால் நாற்காலி ஒன்று தடாலென்று விழுந்தது. சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னவள் தேம்பிக்கொண்டிருந்தாள். சிட்டுவின் கையில் அந்தத் துண்டு இன்னும் இருந்தது. சின்னவள் அதைப் பிடுங்கித் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“உனக்குத் தெரிஞ்சிருச்சு இல்ல?” என்றாள் மகளிடம். “நேத்து நீ சொன்ன சொல்லுலயே தெரிஞ்சுக்கிட்டேன்.”

“வேண்டாம்மா” என்று பெரியவள் அவள் கையைப் பிடித்தாள்.

“இல்லக்கா. சொல்ல மாட்டேன்னு உங்களுக்குக் குடுத்த வாக்கு இன்னைக்கோட முடிஞ்சுது. நான் வாய மூடிக்கிட்டு இருந்தா, இவ உங்களை ஆயுசுக்கும் தப்பாவே பார்ப்பா.”

பிறகு அவள் சொன்னாள். இரண்டு கரு தங்காமல் போனதையும், மூன்றாவது எட்டாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்ததையும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் நேரே கீழே துணி தேய்க்கும் அறைக்குப் போய், அடுக்கிலிருந்து ஒரு துண்டை உருவிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். சாப்பிடவில்லை, பேசவில்லை. யாராவது துண்டைத் தொட்டால் கடிக்கப் போனாளாம். இவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சின்னவனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று மாமியார் வெளிப்படையாகவே பேச ஆரம்பித்திருந்தாளாம்.

“அப்போ அக்கா இறங்கி வந்தாங்க. அவங்களே பிள்ளை பெத்த உடம்பு, சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு வந்தாங்க. எனக்குப் புத்தி சொல்லலை. பக்கத்துல உக்காந்து, மெல்ல அந்தத் துண்டை எடுத்துட்டு, அந்த இடத்துல உன்னை வெச்சாங்க. ‘இவளுக்குக் குளிருது, கொஞ்சம் பிடிச்சுக்கோ’ன்னாங்க. அவ்வளவுதான். அப்புறம் திருப்பிக் கேக்கவே இல்லை.”

காற்றில் அவள் குரல் உடைந்து உடைந்து வந்தது.

“ராத்திரி நீ அழுதா, சுவத்துக்கு அந்தப் பக்கம் விளக்கு எரியும். வரமாட்டாங்க. விளக்கு மட்டும் எரியும். நீ தூங்கினப்புறம்தான் அணையும். எத்தனை மாசம் அப்படி... எனக்குத் தெரியும்டி. தெரிஞ்சும் உன்னைத் திருப்பிக் குடுக்க எனக்கு மனசு வரலை.”

சிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கப்பலின் முன்பக்கமாக நடந்து போய்விட்டாள்.

மதியச் சாப்பாட்டில் இருவர் தட்டும் அப்படியே இருந்தது. இனி அவள் தன்னை எப்படிப் பார்ப்பாளோ என்று சின்னவள் புலம்பினாள். பெண் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. பெரியவள் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து அவளுக்கு நீதான் அம்மா, இனிமேலும் நீதான் என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பெரியவள் நீச்சல் குளத்தின் பக்கமாகப் போனாள். சும்மா உட்கார முடியாமல் ஐஸ்கிரீம் வாங்கும் வரிசையில் போய் நின்றுகொண்டாள். யாரோ பின்னால் வந்து நின்றார்கள். திரும்பாமலே அவளுக்குத் தெரிந்தது.

“குடுத்துட்டு எப்பவாவது வருத்தப்பட்டீங்களா?” என்று கேட்டாள் சிட்டு.

இல்லை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். திரும்பி, அழுது சிவந்திருந்த அந்தக் கண்களைப் பார்த்ததும் பெரியவளுக்குப் பொய் வரவில்லை.

“தினமும்.”

“அப்போ ஏன் திருப்பிக் கேக்கலை?”

“கேக்கணும்னு மேல இருந்து கீழ வரைக்கும் இறங்கி வந்திருக்கேன். நீ அவ இடுப்புல உக்காந்துக்கிட்டு அவ கூந்தலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருப்பே. அவ சிரிச்சுக்கிட்டு இருப்பா. நான் என்ன கேக்கறது? துணி காஞ்சுதான்னு கேட்டுட்டு ஏறிப் போயிருவேன்.”

“வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டீங்கன்னு நினைச்சேன்... நேத்து அத்தனை பேர் முன்னாடி...”

“நினைச்சது தப்பில்லை. உனக்கு யாரும் சொல்லலையே.”

சிட்டு அப்படியே அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் விலகி முன்னால் போனார்கள். பெரியவள் முதலில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பிறகு இரண்டு கையாலும் அவளை இறுக்கிக்கொண்டாள். குளத்துத் தண்ணீர் வாசனை வீசிய அந்தத் தலைமுடியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்து அழுகையையும் சத்தமில்லாமல் அழுதாள்.

“இனிமே உங்களை என்னன்னு கூப்பிடறது?”

“உன் வாய்ல எது வருதோ, அது. அங்க ஒருத்தி சாப்பிடாம உக்காந்திருக்கா. முதல்ல போய் அவளைப் பாரு.”

சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். தூரத்தில் சின்னவள் எழுந்து நிற்பதும், மகள் போய் அவளைக் கட்டிக்கொள்வதும் தெரிந்தது. பெரியவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனசு கொஞ்சம் நிறைந்தது, கொஞ்சம் வலித்தது. இரண்டும் அவளுக்குப் பழகியதுதான்.

பொழுது சாய்ந்ததும் மேல்தளத்தில் நடனம் சொல்லித்தர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லாம் வரிசையாக நின்றார்கள். கொழுந்தன் எல்லோரும் வலப்பக்கம் போகும்போது இடப்பக்கம் போய் யாரோ ஒருவர் காலை மிதித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சின்னவள் சிரிப்பை அடக்க முடியாமல் கணவரைப் பிடித்து நேராக நிறுத்தினாள். பெரியவள் ஓரத்து நாற்காலியில் கேக் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதிலெல்லாம் அவளுக்கு இடம் இருக்குமென்று அவள் நினைத்ததே இல்லை.

பாட்டு மாறிய இடைவெளியில், வரிசையின் நடுவிலிருந்து தளம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது.

“பெரியம்மா, இங்க வாங்க. என் பக்கத்துல இடம் பிடிச்சு வெச்சிருக்கேன்.”

மேசைகளில் இருந்தவர்கள் யார் அந்தப் பெரியம்மா என்று திரும்பிப் பார்த்தார்கள். பெரியவளும் தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

“பெரியம்மா, உங்களைத்தான்.”

பெரியவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ஆடத் தெரியாது என்று கையை ஆட்டிக்கொண்டே, எல்லோருக்கும் நடுவில் நடந்து போனாள்.