ரன்னர் ஓடவில்லை!

டெலிபோன் அலறியது.

ரன்னர் எடுக்கவில்லை. கையில் பாலிஷ் பிரஷ். இடது பூட்ஸ் பளபளத்துக்கொண்டிருந்தது. வலது பூட்ஸுக்குள் ஏற்கெனவே ஒரு கால் இருந்தது... செயற்கைக் கால்! முழங்காலுக்குக் கீழே மாட்டிக் கழற்றுகிற சமாச்சாரம்.

"ஏங்க, காதும் போச்சா?" சமையலறையிலிருந்து மனைவி.

"நீயே எடேன்!"

"என் கை ஈரம். நாளைக்குத்தானே விசாரணை? இன்னிக்கே அந்த பூட்ஸைத் தேய்ச்சு ஓட்டை போட்டுடாதீங்க!"

நாளை விசாரணை!

பட்டாளத்தில் அவருடைய வேலை ரன்னர். ஒயர்லெஸ் செத்துப்போனால் சேதியை வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். எல்லைச் சண்டையில் ஒருநாள் அவருடைய கேப்டன், 'உதவிப் படை வேண்டும்' என்று சொல்லி அனுப்பினார். ஓடினார். சேதியைச் சேர்த்தார். திரும்பும் வழியில் கண்ணிவெடி... கால் போயிற்று. சேதியை வாங்கிக்கொண்ட அதிகாரியும் அன்றைக்கே குண்டடிபட்டுச் செத்துவிட்டார்.

ரன்னரின் சர்வீஸ் ரெக்கார்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா?

'போர்முனையிலிருந்து ஓடிவிட்டார்.'

அடப்பாவிகளா! ரன்னர் ஓடாமல் தவழ்ந்தா போவார்? எந்தப் புண்ணியவானோ 'ஓடினார்' என்பதை 'ஓடிவிட்டார்' என்று எழுதித் தொலைத்துவிட்டான். வெறும் எழுத்துப் பிழை! அதைத் திருத்தச் சொல்லி மனுப் போட்டுப் போட்டே அவர் தலை நரைத்துவிட்டது. ரெக்கார்டு ஆபீஸ் குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு குண்டைப் போடுவார். படிவம் மாறிவிட்டது. அதிகாரி மாறிவிட்டார். கடைசியாக, "உங்களை அனுப்பின அதிகாரியே வந்து சொன்னா பார்க்கலாம்."

கேப்டனைத் தேடிப் பிடித்து, நேற்றுதான் போய்ப் பார்த்தார். "வர்றேன்" என்று கேப்டனும் சொல்லிவிட்டார்.

டெலிபோன் விடாமல் அலறியது. எடுத்தார்.

"போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசறேன்." பெண் குரல். "நேத்து கேப்டன் வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன். ஏம்மா?"

"மாடிப்படியில உருண்டு விழுந்திருக்காரு. ஆஸ்பத்திரியில... செத்துட்டாரு!"

பிரஷ் கீழே விழுந்தது.

"இல்லைங்க... நாளைக்கு அவர் சாட்சி சொல்லணும்!"

"அவர் சொல்ல மாட்டாரு. நீங்க வந்து சொல்லுங்க. இப்பவே!"

*

கேப்டன் வீட்டு ஹாலில் சுவர் முழுக்கப் பதக்கங்கள். நடுவில் கேப்டன் படம். அதே படம்தான் அவருடைய மகன் நடத்தும் செக்யூரிட்டி கம்பெனி போர்டிலும் இருந்தது. 'மாவீரரின் மகன் காவல்!'

ரன்னரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார் இன்ஸ்பெக்டர். மகன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"இந்த ஆள்தான் மேடம்!"

"தம்பி... நான் உன்னைப் பார்த்ததே இல்லையேப்பா!"

"நான் பார்த்தேன்! மேலே என் ரூம்லதான் இருந்தேன். அப்பா சாட்சி சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டாரு. உடனே இந்த ஆள் அப்பாவைத் தள்ளிவிட்டாரு!"

"நான் மாடிக்கே போகலை. அவர்தான் கீழே வந்தாரு. வர்றேன்னுதான் சொன்னாரு!"

இன்ஸ்பெக்டர் ரன்னர் பக்கம் திரும்பினார்.

"உங்க ரெக்கார்டைப் பார்த்தேன் ஐயா. ஓடிவிட்டார்னு போட்டிருக்கு."

"அது எழுத்துப் பிழைங்க!" ரன்னர் நாற்காலியை விட்டு எழுந்தார். எங்கே போனாலும் அந்த ஒரு வார்த்தை முன்னாலேயே போய்ச் சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறது! "தப்பு அவங்க மேல. திருத்தச் சொன்னா என்னையே திருடனைப் பார்க்கற மாதிரி பார்க்கறாங்க. இப்ப கொலைகாரன்னு வேற எழுதுங்க. அதைத் திருத்த இன்னொரு ஜென்மம் எடுத்து வர்றேன்!"

"எழுத்துப் பிழையாம்!" மகன் சிரித்தான். "நேத்தும் அதைத்தானே செஞ்சாரு? அப்பாவைத் தள்ளிட்டு ரெண்டு ரெண்டு படியா தாவி இறங்கி... என்னா ஓட்டம்! கேட் வரைக்கும் ஓடினதை என் கண்ணால பார்த்தேன்!"



ரன்னர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ரன்னரின் பூட்ஸைப் பார்த்தார்.

"ஐயா... கொஞ்சம் காட்டுங்க."

ரன்னர் வலது பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். பிளாஸ்டிக்கும் இரும்பும் வெளிச்சத்தில் மின்னின.

"தம்பி, இதை வெச்சுக்கிட்டு நான் பஸ் படியில ஏறினாலே கண்டக்டர் ரெண்டு தடவை விசில் அடிக்கிறாரு. தாவி ஓடினேனா?"

மகன் முகம் வெளுத்தது.

"நான்... நொண்டினதை... வேகமா நொண்டினதைத்தான்..."

"இன்னொண்ணு கேளுங்க." இன்ஸ்பெக்டர் நெருங்கினார். "அப்பா விழுந்ததைப் பார்த்த மகன் ஆம்புலன்ஸைக் கூப்பிடலை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரங்கதான் கூப்பிட்டாங்க. அங்கேயே எனக்கு உறுத்திச்சு. அதனாலதான் செத்துட்டார்னு ஆஸ்பத்திரியில சொல்லச் சொன்னேன்."

"சொல்ல... சொன்னீங்களா?"

"ஆமா. உங்கப்பா உயிரோட இருக்காரு. கண்ணையும் திறந்துட்டாரு!"

மகன் வாசலை நோக்கிப் பாய்ந்தான். ஒரு கான்ஸ்டபிள் காலை நீட்ட... தடால்!

"பார்த்துக்கங்கம்மா," ரன்னர் பேண்ட்டை இறக்கிவிட்டார். "ஓடிப்போறதுன்னா இதுதான்!"

*

ஆஸ்பத்திரி. தலையைச் சுற்றிக் கட்டோடு கேப்டன் படுத்திருந்தார். குரல் காற்றாக வந்தது.

"நான் உண்மையைச் சொல்லப்போறேன்னு பையன்கிட்ட சொன்னேன். கம்பெனி நாறிடும்னு கத்தினான்... தள்ளிட்டான்."

"சார், எழுத்துப் பிழைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கா இவ்வளவு?"

கேப்டன் கண்களில் நீர் திரண்டது.

"எழுத்துப் பிழை இல்லப்பா."

"என்னது?"

"நீ போனதும் பயம் பிடிச்சுக்கிச்சு. பதுங்கியிருந்த பங்கரை விட்டு நான்தான் ஓடினேன். நீ கூப்பிட்ட படை வந்து இடத்தைப் பிடிச்சதும், திரும்பி வந்து அவங்களோட நின்னுக்கிட்டேன். யாரோ ஓடினதைப் பார்த்திருக்காங்க, அது யாருன்னு மேலிடத்துல கேட்டாங்க. நீ செத்திருப்பேன்னு நினைச்சு... உன் பேரை எழுதிட்டேன்."

 இத்தனை வருஷமாக முகம் தெரியாத எவனோ ஒரு குமாஸ்தாவைத் திட்டிக்கொண்டிருந்தார். தெருவில் போகும்போது பிள்ளைகள் 'ஓடிப்போன ரன்னர்' என்று கத்தியதெல்லாம் இந்த மனுஷனின் பேனாவிலிருந்து வந்தது. கழுத்தை நெரிக்க வேண்டும்போல் கை துடித்தது. ஆனால் நெரித்தால் சாட்சி போய்விடும்!

"எழுதிக் கொடுங்க சார்," என்றார் பல்லைக் கடித்து. "இந்தத் தடவையாவது சரியா எழுதுங்க!"

கேப்டன் எழுதினார். இன்ஸ்பெக்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

*

விசாரணை முடிந்த மறுநாள் டெலிபோன். ரெக்கார்டு ஆபீஸ் குமாஸ்தா! ரன்னர் ஸ்பீக்கரில் போட்டார். மனைவி ஓடி வந்தாள்.

"சார், உங்க மனு... தள்ளுபடி."

"எதுக்குய்யா?"

"கேப்டனே ஓடிப்போனவர்னு ஒத்துக்கிட்டாருல்ல? ஓடிப்போனவங்க கையெழுத்து எந்த ஆவணத்துலயும் செல்லாது. விதி சார்! வேற அதிகாரியைக் கூட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான். ரன்னருக்குக் கண் இருண்டது. வலது காலைச் சரக்கென்று கழற்றி, டெலிபோனைக் குறிபார்த்து ஓங்கினார். மனைவி பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"சும்மா இருங்க! சார், எனக்கு ஒரு சந்தேகம். இவர் ஓடிட்டார்னு முதல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"கேப்டன்தாம்மா."

"எப்ப?"

"அவர் பங்கரை விட்டு ஓடி... திரும்பி வந்தப்ப..."

"ஓடிப்போனவர் கையெழுத்து எந்த ஆவணத்துலயும் செல்லாதுன்னீங்களே சார். அப்ப அது மட்டும் எப்படிச் செல்லும்?"

 மறுமுனையில் யாரோ நாற்காலியைத் தள்ளும் ஓசை. தாள்கள் படபடத்தன. பெரிய அதிகாரி ஒருவரின் குரல் தூரத்தில் கேட்டது. "அடிச்சுடுய்யா... அந்த வரியை இப்பவே அடிச்சுடு!"

ரன்னர் சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை.

குமாஸ்தா மூச்சிரைக்க லைனுக்கு வந்தார். "அம்மா... திருத்தியாச்சு! ஐயா ஒரு கையெழுத்துப் போடணும், ஆள் அனுப்பறோம். அதுக்குள்ள எங்கேயும் போயிடப் போறாரு!"

"அவர் எங்கே சார் ஓடப்போறாரு?" என்றாள் மனைவி. "கால் என் கையில இருக்கு!"