பாத்தாச்சு

கூறு அறுபத்தொன்று ஏற மறுத்தபோது மணி ஒன்பதேகால். நகரத்தின் மேல்நிலைத் தொட்டிகளில் மாலை நான்கு மணி வரைக்குத்தான் தண்ணீர் இருந்தது.

சங்குமுனைக் கடல்நீர் ஆலையில் எல்லாப் பொறிகளுக்கும் அடியில் ஓடும் மூல நிரலைக் 'கரு' என்பார்கள். பம்பு, வால்வு, உப்புமானி என்று ஒவ்வொன்றையும் நடத்தும் துண்டு நிரல்களுக்குக் 'கூறு' என்று பெயர். கூறு கருவின்மேல் ஏறி உட்கார்ந்தால்தான் அந்தப் பொறிக்கு உயிர் வரும். அறுபத்தொன்று உப்புக்காவல். சுத்திகரித்த நீரில் உப்பு மிஞ்சினால் வாசலை அடைப்பது அதன் வேலை. அது ஏறாமல் ஊருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது.

அன்று காலைதான் ஆலையை நிறுத்திப் புதிய கருவை வைத்திருந்தார்கள். தலைமைப் பொறியாளர் இன்னாசிமுத்து இருபத்தெட்டு வருட அனுபவசாலி. கூறு ஏறவில்லை என்றதும் அந்த அனுபவம் முழுவதையும் திரட்டி அவர் செய்த முதல் வேலை, கூறுகளை ஏற்றும் பொறுப்பிலிருந்த ஜமீலாவைத் திட்டியது.

"பழைய கருவுக்குக் கட்டின கூறைக் கொண்டாந்து புதுசுல ஏத்துனா எப்படிம்மா ஏறும்? பதிப்பு எண்ணைப் பாக்க வேண்டாமா? பத்து வருஷமா இங்க என்னதான் பண்றீங்க?"

கட்டுப்பாட்டறையில் இருந்த ஆறு பேருக்கும் அது கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் அவரும் சொன்னார். ஜமீலா இரண்டு எண்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒன்றே.

"அறுபதை ஏத்தாம அறுபத்தொண்ணுக்குப் போயிருப்பீங்க."

"ஏத்திட்டேன் சார். கடவுச்சாவியும் சரியா இருக்கு. பதிவேட்டைப் பாத்துடலாமா?"

கரு தன் மறுப்புக்கான காரணத்தை எழுதிவைக்கும் இடம் பதிவேடு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு எடுக்கும் வகுப்பில், "முதல்ல பதிவேடு, அப்புறந்தான் வாய்" என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்பவரே இன்னாசிமுத்துதான். ஜமீலா அதைத் திறந்தாள்.

கூறு 61. ஒப்பம்: உண்டு. வாசிப்பு: இல்லை. ஒப்பமிட்டவர்: சூ. இன்னாசிமுத்து.

இதைப் புரிந்துகொள்ள அந்தத் தொழிலின் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிரல்களைப் பெரும்பாலும் எழுதுபொறிகளே எழுதிக்கொண்டிருந்தன. மனிதர் யாராவது ஒருவர் படித்து ஒப்பமிட வேண்டும் என்பது விதி. படித்தீர்களா என்று கேட்டால் எல்லோரும் "பாத்தாச்சு" என்பார்கள். 'பார்த்தேன்' என்றால் பார்த்த ஆள் ஒருவர் இருக்க வேண்டும். 'பாத்தாச்சு'வில் ஆளே கிடையாது. காரியம் தானாக நடந்து முடிந்துவிட்ட மாதிரி ஒரு சொல். இப்படி ஆளில்லாமல் பார்க்கப்பட்ட நிரல் ஒன்று வேறொரு ஊரில் நான்கு நாள் உப்புநீரைக் குழாயில் விட்டது. அதன் பிறகு வந்ததுதான் இந்தப் புதிய வாசிப்புக்கரு. ஒப்பத்தை மட்டும் நம்பாமல், கூறிலிருந்து ஒரு வரியை எடுத்து ஒப்பமிட்டவரிடமே விளக்கம் கேட்கும். மாற்றிய வரி இருந்தால் அதைக் கேட்கும். இல்லையென்றால் காரணம் எழுதாத வரியைக் கேட்கும். மூன்று முறை தவறினால் மறுநாள் வரை அந்தக் கூறு பூட்டப்படும். முதலில் காவல் கூறுகளுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டை ஆதரித்துக் கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

கரு கேட்டது: வரி 412. நாற்பது நொடி காத்திருப்பது எதற்காக?

ஜமீலா அந்த வரியை எடுத்தாள். கூறு முழுவதிலும் மனிதக் கையால் எழுதிய வரி அது ஒன்றுதான். பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது: 'தற்காலிகம். நாளை மாற்ற வேண்டும். சூ.இ.' எழுதிப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

இன்னாசிமுத்துவின் காது சூடாயிற்று. எழுதியது அவர்தான். ஏன் எழுதினார் என்பதுதான் மண்டையில் இல்லை. ஆனாலும் தயங்கினால் ஆறு பேரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று உடனே தட்டினார்: 'சவ்வில் அழுத்தம் சீராவதற்காக.'

பொருந்தவில்லை, என்றது கரு. அந்த நேரத்தில் பம்பு ஓடுவதில்லை.

உண்மையான காரணம் கருவுக்கும் தெரியாது. ஆலையின் குழாய்ப்படம் முழுவதும் அதற்கு மனப்பாடம் என்பதால், எது காரணமாக இருக்க முடியாது என்று மட்டும் தெரியும். அவர் கொஞ்சம் யோசித்து, 'வால்வின் பாதுகாப்புக்காக' என்று தட்டினார். பாதுகாப்பு என்று எழுதினால் எந்தக் கூட்டத்திலும் யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. கரு கூட்டத்துக்குப் போய்ப் பழகாதது. பொருந்தவில்லை என்றது.

இன்னும் ஒரு வாய்ப்புதான். நகராட்சியிலிருந்து மூன்றாவது முறையாக அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரித் தொட்டி முதலில் காலியாகும் என்றார்கள்.

ஜமீலா மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "தெரியலைன்னு போடுங்க சார். அது பொருந்தாததைத்தானே தள்ளுது. உண்மையைத் தள்ளாது."

"நான் எழுதின வரிம்மா இது."

"குறிப்பைப் பாத்தேன் சார்."

இருபத்தெட்டு வருடத்தில் அந்த அறையில் அவர் சொல்லாத ஒரே சொல் அது. விரல் ஒவ்வொரு எழுத்தாகப் போயிற்று. 'தெரியாது.' மற்ற ஐந்து பேரும் அவரவர் திரையை மிக உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

கூறு 61 ஏற்றப்பட்டது. கறை: சூ. இன்னாசிமுத்து, அறியாமல் ஒப்பமிட்டார்.

தண்ணீர் ஓடத் தொடங்கியது. கறையும் கூடவே ஓடியது. முழுதாக நம்ப முடியாத கூறு எதையாவது ஏற்றிக்கொண்டால் கரு தன்மேல் ஒரு கறையைக் குறித்துக்கொள்ளும். கருவை நிறுத்தி எழுப்பினால்தான் அது போகும். ஆலையோ வருடத்துக்கு ஒரு தடவைதான் நிற்கும். அதுவரை, ஒவ்வொரு வீட்டிலும் உப்பளவு காட்டும் குழாய்த்திரையில் கறைக்குரியவர் பெயரும் தெரியும். மக்களுக்கு ஒளிவுமறைவு கூடாது என்று அதே கூட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள்.

பத்தாவது நிமிடம் மனைவி பிலோமினா கூப்பிட்டாள். "ஏங்க, நம்ம குழாய்ல உங்க பேரு ஓடுது. விருது ஏதும் குடுத்திருக்காங்களா?"

"அப்புறம் பேசுறேன்."

"இருங்க, வாசிக்கிறேன். 'அறியாமல்'... ஏங்க, இது என்னங்க?"

நிலம் பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது அவருக்கு. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஜமீலா நிற்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆறு பேர் கேட்கத் திட்டியதால் ஆறு பேர் கேட்கவே கேட்க வேண்டும். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

"டீ குடிக்கிறீங்களாம்மா?" என்றார்.

"வேண்டாம் சார்."

அந்த வாரம் முழுக்க அவருக்குத் தூக்கம் சரியில்லை. கைக்கடிகாரத்தோடு உப்புமானிக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தார். மூன்றாம் நாள் காரணம் பிடிபட்டது. உப்புமானிக்கு முன்னால் குழாயில் ஒரு வளைவு இருக்கிறது. பம்பு நின்றதும் பழைய தண்ணீர் அந்த வளைவில் தேங்கிவிடும். அது வடிவதற்குள் அளந்தால் பழைய தண்ணீரின் உப்பைத்தான் மானி காட்டும். அன்றைக்கு வடிய நாற்பது நொடி ஆனது. பிற்பாடு குழாயைக் குட்டையாக்கியதில் இப்போது பன்னிரண்டே போதும். பரீட்சையில் தேறிய பையனைப் போல ஓடிவந்து ஜமீலாவிடம் சொன்னார்.

"இப்பவே மாத்தி ஏத்திடலாம்மா. கறையும் போயிடும்."

"அறுபத்தொண்ணை இறக்கணும்னா ஆலையை நிறுத்தணுமே சார். ஓடுறதைத் தொடாதீங்கன்னு மேல சொல்லிட்டாங்க."

கேள்வி கேட்கக் கருவுக்குத் தெரியும். கறை வைக்கவும் தெரியும். பிறகு ஒருவன் போய்த் தெரிந்துகொண்டு வந்தால் அதைக் குறித்துக்கொள்ள அதில் இடம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் புதிதாக ஏற்றும் எல்லாக் கூறுகளுக்கும் வாசிப்பு விதி வந்தது. பம்புப் பிரிவுக்காரர் மூவாயிரம் வரியைப் படிப்பதற்குப் பதிலாக, இன்னாசிமுத்து காட்டிய வழியில் 'தெரியாது' என்று தட்டிப் பார்த்தார். ஏறிவிட்டது. அப்புறம் வால்வுப் பிரிவு, மின்பிரிவு. ஆறு மாதத்தில் குழாய்த்திரையில் பெயர்ப்பட்டியல் நீண்டு, உப்பளவைப் பார்க்க விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டியதாயிற்று. கறை இல்லாதவர் வேலையே செய்யவில்லை போலிருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாகத் தன் பெயரும் கலந்துவிட்டதில் இன்னாசிமுத்துவுக்கு நிம்மதிதான். அந்த நிம்மதிக்காகவும் வெட்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

வருடாந்திர நிறுத்தம் வந்தது. கரு நின்று எழுந்தது, கறைகள் எல்லாம் அழிந்தன. எல்லாக் கூறுகளையும் மறுபடி ஏற்ற வேண்டும், அவர் பெயரில் மட்டும் முப்பத்தெட்டு. கரு கேட்கக் கேட்க இடது கையில் டீயோடு வலது கையால் தட்டினார். பத்தாவது கூறுக்கு மேல் அவர் கேள்வியைப் படிக்கவும் இல்லை. அரைமணியில் வேலை முடிந்தது.

ஜமீலா உள்ளே வந்தாள். "அறுபத்தொண்ணு ஏறிடுச்சா சார்?"

"எல்லாம் பாத்தாச்சும்மா."

"உங்க பன்னெண்டு நொடியை அதுல நானே கையால எழுதிவெச்சேன் சார். மாத்தின வரியைத்தானே அது கேக்கும். ஊர்லயே அதுக்குப் பதில் தெரிஞ்ச ஆளு நீங்கதான். இந்தத் தடவை உங்க பேரு சுத்தமா வரட்டும்னுதான்." சிரித்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்தாள்.

வரி 412. பன்னிரண்டு நொடி காத்திருப்பது எதற்காக?

பதில்: தெரியாது.

கீழே அவர் பெயர். அடுத்த நிறுத்தத்துக்கு முழுதாக ஒரு வருடம் இருந்தது. ஜமீலாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. இன்னாசிமுத்து திரையையே பார்த்தார். அவளைத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. பையிலிருந்த போன் அடித்தது. பிலோமினாதான், வீட்டில் குழாயைத் திறந்திருப்பாள். அவர் அதை எடுக்கவில்லை.

ஜமீலா பதிவேட்டை மூடினாள்.

"டீ ஆறிப்போச்சே சார்," என்றாள். "வேற கொண்டாரச் சொல்லவா?"