கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு

காலை 11.10. நோயாளிகளை நடக்கப் பழக்கும் பிசியோ, ஏழாம் அறைப் பக்கமிருந்து கழுத்தைப் பிடித்தபடி ஓடிவந்தார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

"கிழவன் என் அடையாள அட்டையைப் பிடிச்சு இழுத்து இறுக்கிட்டான்! மூச்சே நின்னுபோச்சு!"

வார்டு உடனே நம்பியது. இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் அந்தப் பெரியவருக்கு நர்சுகள் வைத்த பெயர் சரவெடி. அன்று காலைகூடத் தலைமை நர்சின் அட்டையைப் பிடுங்கி ஜன்னலோரம் வீசியிருந்தார். தலைமை நர்ஸ் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, "நேத்தைவிட ரெண்டடி தூரம் அதிகம். கைக்குத் தெம்பு வந்திருக்கு" என்றதோடு சரி.

"பன்னிரண்டு மணிக்குள் வெளியேற்றுங்கள்" என்றார் கண்காணிப்பாளர்.

"எழுந்து உக்காரவே முடியாதவரை எங்க சார் கூட்டிட்டுப் போவேன்?" பெரியவரின் மகள் அழுதாள்.

"அரை மணி நேரம் குடுங்க சார்" என்றார் தலைமை நர்ஸ்.

11.25. ஏழாம் அறை. தலைமை நர்ஸ் பெரியவரின் கட்டிலருகே நின்றார்.

"அடிச்சீங்களா?"

"எட்டலை. வாசலைத் தாண்டி உள்ள வந்தாத்தானே எட்டும்!"

"என்னதான் சண்டை?"

"மூணு நாளா கத்துறேன், எவனும் என்னை நடக்க வைக்கலைன்னு. இன்னைக்குப் பெரிய டாக்டரைக் கூப்பிடுன்னேன். ஓடிட்டான்."

"அப்பா எல்லார் மேலயும் குறை சொல்வார் சிஸ்டர்" என்றாள் மகள், சங்கடத்துடன்.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளைத் தலைமை நர்ஸ் படித்தார். மூன்று நாளும் 'நடைப்பயிற்சி முடிந்தது'. கீழே பிசியோவின் கையெழுத்து, அழகாக.

11.40. நர்சுகள் அறை. பிசியோவும் கண்காணிப்பாளரும் இருந்தார்கள்.

"எவ்வளவு நேரம் இழுத்தார்?" என்றார் தலைமை நர்ஸ்.

"ஒரு நிமிஷம் இருக்கும், சிஸ்டர்."

"அட்டை கழுத்தை விட்டு வரலையா?"

"வந்திருந்தா எனக்கு ஏன் இந்தக் கதி?"

தலைமை நர்ஸ் பிசியோவின் அட்டையை ஒற்றை விரலால் இழுத்தார். டக். பிடரியிலிருந்த கொக்கி கழன்று கயிறு கையோடு வந்தது.

"போன வாரம் வார்டுக்கே மாத்தின கயிறு. யார் இழுத்தாலும் கழண்டுக்கும். காலையில என்னோடதும் இப்படித்தான் பறந்துச்சு, எனக்குக் கீறல்கூட இல்லை. கோடு நீங்களே தேய்ச்சுக்கிட்டது. வராமலே கையெழுத்துப் போட்டீங்க. பெரிய டாக்டர் பேரைக் கேட்டதும் பயம் வந்துருச்சு."

பிசியோ சட்டைக் காலரை இழுத்துக் கோட்டை மறைத்தார். தலைமை நர்ஸ் கண்காணிப்பாளரிடம் திரும்பினார்.

"எங்க தப்பும் இருக்கு சார். அவர் கத்துறது வார்டு முழுக்கக் கேட்டுச்சு. என்ன கத்துறார்னுதான் யாரும் கேக்கலை."

11.55. வெளியேற்றும் உத்தரவு கிழிந்தது. சரவெடியிடம் விஷயம் சொல்லப்பட்டது.

"அப்ப நான் சும்மாதான் பழி சுமந்தேனா? ஒரே ஒரு அடி அடிச்சுக்கிறேனேம்மா?"

"அதுக்கு அவர் இருக்கிற இடம் வரைக்கும் நடக்கணும்" என்றார் தலைமை நர்ஸ்.

பெரியவர் போர்வையை விலக்கினார்.

"பிடி."