இறங்காத கோடு

ஞாயிற்றுக்கிழமையும் கோடு இறங்கவில்லை.

திங்கள் காலை நூலகத்தின் வட்டார வரலாற்று அறையைத் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது ஈரப்பதமானியைத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கொத்து மனிதத் தலைமுடி இழுத்துக் கட்டியிருக்கும். காற்றில் ஈரம் கூடினால் முடி நீளும். அதோடு இணைந்த முள், மெல்லச் சுழலும் உருளைத்தாளில் மையால் கோடு இழுக்கும். ஜன்னல் இல்லாத அறை, கதவில் ரப்பர் பட்டை. வெளி ஈரம் உள்ளே எட்டிப் பார்க்காது. மனித மூச்சுதான் ஒரே ஈரம். ஒருவர் உட்கார்ந்திருந்தால் கோடு ஒரு கட்டம் ஏறும், இருவர் என்றால் இரண்டு, யாருமில்லையென்றால் அடிக்கோடு. பதினோரு வருடப் பழக்கத்தில், தாளைப் பார்த்தே அன்றைக்கு எத்தனை வாசகர்கள் என்று சொல்லிவிடுவாள்.

விடுமுறை நாள் முழுக்கக் கோடு ஒரு கட்டத்திலேயே நின்றிருந்தது.

ஊரின் பழைய தெருப் படங்களில் மூன்று, ஏற்கெனவே பூஞ்சணம் பூத்திருந்தன. இன்னொன்று பூத்தால் தொகுப்பையும் அவளையும் சேர்த்தே மூட்டை கட்டிவிடுவதாகத் தலைமை நூலகர் சொல்லியிருந்தார். மாற்றுச் சாவி, நூலகத்தில் புத்தகம் கட்டும் பைண்டரிடம் இருந்தது. சந்தேகம் வந்துவிட்டால் கண் சும்மா இருக்குமா? அலமாரி ஓரத்துப் பசை வாசனை, கடைசி வரிசையில் தூசி கலைந்த இடம், எல்லாமே அவரைத்தான் காட்டின. விடுமுறையில் உள்ளே வந்து படுக்கிறாரா என்று நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

“நான் உள்ள படுத்திருந்தா கோடு மட்டுமா ஏறியிருக்கும்? குறட்டையில அலமாரியே இடம் மாறியிருக்கும்மா. வேணும்னா சீல் வைங்க.”

வைத்தாள். அடுத்த சனிக்கிழமை மாலை கதவிடுக்கில் காகிதப் பட்டை ஒட்டி இருவரும் கையெழுத்திட்டார்கள். அவருடைய சாவியையும் வாங்கிக்கொண்டாள். திங்களன்று பட்டை கிழியாமல் இருந்தது. கோடு இறங்காமல் இருந்தது.

கடந்த சில வாரத் தாள்களைப் பரப்பி, தான் தனியாக வேலை செய்த நேரங்களோடும் சாப்பிடப் போன நேரங்களோடும் ஒத்துப் பார்த்தாள். அவள் உள்ளே இருந்தபோது ஒரு கட்டம். வெளியே போனபோதும் ஒரு கட்டம். இரண்டு ஒருநாளும் இல்லை.

தாள்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

பைண்டிங் அறைக்குப் போய், தாழ்ந்த குரலில் கேட்டாள். “அண்ணே, நாலு மணிக்கு என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டு, என்கூடப் பேசிக்கிட்டே போற மாதிரி போங்க. அரை மணி கழிச்சு வந்து திறங்க.”

“யாராவது பார்த்தா ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்ப்பாங்க,” என்றார். ஆனாலும் செய்தார்.

விளக்கு அணைந்தது. பூட்டு விழுந்தது. அவர் செருப்புச் சத்தமும், இல்லாத அவளிடம் பேரன் சேட்டையைப் பற்றிப் பேசிய குரலும் நடைவழியில் தேய்ந்து மறைந்தன. கதவுக்கு மேலிருந்த சின்னச் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில், பழைய காகிதத்தின் புளித்த வாசனைக்கு நடுவே, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஈரப்பதமானியின் பக்கத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். உருளையின் டிக் டிக். தாளில் ஒரு கட்டம். அது அவளுடையது.

பத்து நிமிடம். அசைவில்லை.

பிறகு கடைசி அலமாரிக்குப் பின்னால், வெகுநேரம் முங்கியிருந்தவர் தண்ணீருக்கு மேலே வந்தாற்போல், நீளமாக ஒரு சத்தம்.

முள் அசைந்தது.

ஏறியது. மெல்ல. மேலும் மெல்ல. இரண்டாவது கட்டம்.

கைக்குட்டை நழுவியது. அவளையறியாமல் ஒரு மூச்சு, சத்தமாக, வெளியே வந்துவிட்டது.

கடைசி அலமாரிப் பக்கம் அமைதியானது. முள் நின்றது. கொஞ்சம் பொறுத்து, இறங்கத் தொடங்கியது.

அறைக்குள் யாரும் வந்து போகவில்லை. அது இத்தனை வாரமும் உள்ளேதான் இருந்தது. ஆள் இருக்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்ளும். ஆள் போனதும் விடும்.

இப்போது, ஆள் இருப்பது அதற்குத் தெரியும்.