மூன்றாவது பீப்புக்குப் பிறகு

ஸ்காபரோ
19.2.1996

அன்புள்ள யோசப் அண்ணைக்கு,

உங்கள் தங்கை கிளடிஸ் அக்கா கடைசியாகப் பேசிய பதிவை அனுப்பும்படி கேட்டு எழுதியிருந்தீர்கள். அது இல்லை. ஏன் இல்லை என்பதை ஒழுங்காக எழுதுகிறேன். என்னால் இப்போது பேச முடியாது.

ஜனவரி எட்டு, திங்கட்கிழமை, காலை பத்து மணி. பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை வாசலில் தட்டிவிட்டு ஸ்டூடியோவுக்குள் போனேன். யப்பானியக் கார்ட்டூனில் வரும் அந்த வீரனுக்கு நாலு வருடம் ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் அக்கா. கடைசிப் பாகத்தை டிசம்பரில் நோயோடு வந்து, கரகரத்த தொண்டையால் பேசிவிட்டுப் போனார். பத்தாம் நாள் காலமானார்.

"அக்காவின்ர குரல் உடைஞ்சு கிடக்கு. நான் திருப்பிப் பேசித் தாறன்" என்று கேட்டது நான்தான், அண்ணை. அந்த வேடத்தில் எனக்கு அவ்வளவு ஆசை.

ஒலிப்பதிவு செய்யும் நீக்கிலாஸ் அங்கிள் தயங்கினார்.

"ஸ்டெபனி, மேல பதிஞ்சால் கிளடிஸின்ர குரல் அழிஞ்சிடும். வேற கொப்பி இல்லைப் பிள்ளை."

"அழியட்டும் அங்கிள். அவவுக்கு இனி உது என்னத்துக்கு?"

பதிவறைக்கு ஜன்னல் இல்லை. கதவை மூடினால் என் இரத்தம் ஓடுவதே காதில் இரைந்தது. மைக்கில் அக்காவின் இருமல் மருந்து மணத்தது. திரையில் வீரனின் வாய் திறக்குமுன் ஹெட்போனில் மூன்று பீப் கேட்கும். நாலாவது விழவேண்டிய இடத்தில் நாங்கள் பேச வேண்டும்.

பீப்.

பீப்.

பீப்.

என் காதோரம் யாரோ மூச்சிழுத்தார்கள்.

பிறகு வசனம் வந்தது. என்னுடைய குரல்தான். என் உதடுகள் மூடியே இருந்தன.

கண்ணாடிக்கு அப்பால் அங்கிள் பெருவிரலை உயர்த்தினார். "திறம் பிள்ளை! ஒரே தரத்தில வாயசைவோட பொருந்திட்டுது."

நான் பேசவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

காற்று மட்டும் வந்தது.

அன்று நாற்பத்தொரு வசனங்கள் பதிவாகின. ஒன்றையும் நான் பேசவில்லை. பிறகு மூன்று டொக்டர்மார் பார்த்தார்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லையாம். ஆறு கிழமையாக அம்மாவோடுகூடக் கடதாசித் துண்டில் எழுதித்தான் பேசுகிறேன். குரலை நம்பிப் பிழைத்தவள் நான். மன்னித்து, அக்காவின் ஆன்மாவுக்காகக் கோயிலில் ஒரு பூசை கொடுங்கள், அண்ணை.

இதை எழுதி முடித்தபோது அம்மா அறைக்கதவைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் சிரித்தார்.

"குரல் வந்திட்டுதெண்டு எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே? முன்னறையில நீ ரெலிபோனில கதைச்சது குசினியில சமைச்சுக்கொண்டு நிண்ட எனக்கே கேட்டது. யோசப்போட எல்லே கதைச்சனி?"

முன்னறைக்கு ஓடிப்போய் ரெலிபோன் ரிசீவரைத் தொட்டேன்.

சூடாக இருந்தது. இருமல் மருந்து மணத்தது.

அம்மா பின்னால் வந்து என் தலையைத் தடவினார்.

"'அவள் என்னை அழிச்சுப்போட்டாள் அண்ணை' எண்டு விம்மி விம்மி அழுதாயே... ஆர் பிள்ளை உன்னை அழிச்சது?"