பதினேழாவது நிமிடம்

பதினேழாவது நிமிடத்தில் எழ வேண்டிய கோடு இன்று எழவில்லை. சான்ட்ராவுக்கு அதுதான் உறுத்தியது.

தஞ்சாவூர்ப் பரிசோதனைக்கூடத்தில் மூன்று வாரமாக ஊர் ஊராக வந்த கிணற்றுத் தண்ணீரை அந்தக் கருவிக்குள் செலுத்திக்கொண்டிருந்தாள். கலந்து கிடக்கும் பூச்சிமருந்துகளை அது தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் நிமிடத்தில் திரையில் ஒரு கோட்டை எழுப்பிக் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க முதலில் சுத்தமான தண்ணீரை ஓட்ட வேண்டும். அந்தத் தண்ணீரிலும் பதினேழில் ஒரு கோடு வந்தது. பாழாய்ப்போன கருவியின் பழைய அழுக்கு என்று நினைத்து, எல்லா ஊர்க் கணக்கிலிருந்தும் அதைக் கழித்துவிட்டாள். பன்னிரண்டு ஊருக்கும் 'குடிக்கலாம்' என்று கையெழுத்துப் போட்டாயிற்று.

ஏசி நின்றுபோன அந்த மத்தியானத்தில், கரைப்பானின் நெடி தொண்டைக்குள் இறங்கிக் கசக்க, சன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் விடாமல் உறுமிக்கொண்டிருக்க, அவள் ஆய்வக உதவியாளன் பக்கம் திரும்பினாள்.

"இப்ராஹிம், இன்னிக்கு எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

"டிஸ்டில்டு வாட்டர் கேன் இப்பத்தான் வந்துச்சு மேடம். இத்தன நாளா கேன் இல்லாம, திருக்காட்டுப்பள்ளியிலேருந்து நீங்க குடிக்கக் கொண்டாந்த தண்ணியத்தானே ஊத்துனேன்? எங்க வீட்டுக் கிணறு கல்கண்டுன்னு பீத்திக்கிட்டீங்களே!"

அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை. அப்படியானால் அந்தக் கோடு கருவியின் அழுக்கு இல்லை.

அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் ஐந்து மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். சற்றுமுன் அவள் பீய்ச்சி எடுத்துக் கணவன் ரெமிஜியஸிடம் கொடுத்தனுப்பிய தாய்ப்பாலில் கொஞ்சம் இங்கே ஒரு பாட்டிலில் மிச்சம் இருந்தது. அதைக் கரைப்பானோடு சேர்த்துக் குலுக்கி, மேலே தெளிந்ததை ஊசியில் உறிஞ்சி, கருவிக்குள் செலுத்தினாள். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. எழுந்தாள்.

பத்து நிமிடம். தட்டையான கோடு.

பதினைந்து. ஏசு அப்பா, வேண்டாம்.

பதினாறு.

கைபேசி அடித்தது. ரெமிஜியஸ்.

"சான்ட்ரா, பாப்பா ஒரு சொட்டு விடாமக் குடிச்சிட்டா. இன்னும் வேணும்னு அழுவுறா. சீக்கிரம் கெளம்பி வாயேன்."

அவன் குரலுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டது.

கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போனது. திரையின் மேல்விளிம்பில் முட்டி நின்றது.

வீறல் நிற்கவில்லை. சான்ட்ராவின் மார்பு கனத்துக் குறுகுறுத்தது. வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். விரலிடுக்கில் வெதுவெதுப்பாகப் பால் கசிந்து வழிந்தது.